மேஸ்டவுனுக்கு மூன்று வழிகள்: ஆற்றுப் பாதையா, மேட்டுப் பாதையா, நெடும்பாதையா?

நியூசிலாந்தின் ஒட்டாகோ மலைநாட்டில், ஆரோடவுன் என்ற சிற்றூருக்கு வடக்கே ஆரோ ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில் ஆளற்றுக் கிடக்கிறது மேஸ்டவுன். 1862இல் அந்த ஆற்றில் தங்கம் கிடைத்த பிறகு எழுந்த இவ்வூர், மணலில் அரித்தெடுத்த தங்கம் குறைந்துவந்த நிலையில், 1870களின் பிற்பாதியில் தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் பாறையை உடைக்கும் சுரங்கத் தொழிலால் மீண்டும் தலையெடுத்து, அதுவும் ஓய்ந்ததும் காலியானது. அங்கு நடந்து செல்ல முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. எதில் போகிறோம் என்பதைப் பொறுத்து, பார்க்கக் கிடைக்கும் ஊரே மாறிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலாவது, ஆரோடவுனில் இருந்து ஆற்றோரமாகச் செல்லும் பழைய வண்டிப் பாதை. ஏறக்குறைய 15 கி.மீ. தொலைவுதான், ஏற்றமும் குறைவு. இதை வைத்துப் பலரும் ‘எளிய வழி’ என்கிறார்கள், ஆனால் அது பாதி உண்மை. இந்தப் பாதை ஆற்றை இருபது முறைக்கு மேல் குறுக்கே கடக்கிறது. கோடையில் வறண்ட வாரங்களில் முழங்காலளவு நீரில் இறங்கி ஏறிவிடலாம். மழைக்குப் பிறகோ, அடியில் உள்ள கற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் கலங்கியிருந்தால், திரும்பிவிடுவதே அறிவு. 1863இன் குளிர்காலத்தில் இந்தப் பகுதியின் ஆறுகளில் வந்த வெள்ளம் தங்கம் தேடி வந்த பலரின் உயிரைக் குடித்தது. நல்ல வானிலையில் ஜீப்புகளும் இவ்வழியே வரும் என்பதால், தனிமையை நாடுவோருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் தொழிலின் தடம் மிக நெருக்கமாகத் தெரிவது இங்கேதான்: கரையோரம் குவிந்திருக்கும் கழிவுக்கற்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இரண்டாவது, ‘பிக் ஹில்’ எனப்படும் மேட்டுப் பாதை. ஆரோடவுனில் இருந்து சாபிட் கல்லி வழியாக ஏறி, ஆயிரம் மீட்டரைத் தாண்டிய கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்குகிறது. பெரும்பகுதி ஆற்றைத் தவிர்க்கிறது. ஆனால் கொத்துக் கொத்தாக வளரும் டஸ்ஸாக் புல் மட்டுமே நிற்கும் அந்த முகட்டில் நிழலோ காற்றுத் தடுப்போ இல்லை, குளிர்காலத்தில் பனியும் படியும். ஜீப் சத்தமில்லை.

மூன்றாவது, மோட்டாடாபு பாதை. வானகா ஊர்ப் பக்கம் ஃபெர்ன் பர்ன் ஓடையருகே தொடங்கி, ஃபெர்ன் பர்ன், ஹைலேண்ட் கிரீக், ரோசஸ் என்ற, நடைப்பயணிகள் தங்கும் மூன்று குடில்களைத் தொட்டுச் செல்லும் இது, நியூசிலாந்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் தே அராரோவா நெடும்பாதையின் ஒரு பகுதி. 1,270 மீட்டர் உயரமுள்ள ரோசஸ் கணவாயில் இருந்து ஆரோ ஆற்றுக்கு இறங்கிய பின்னரே மேஸ்டவுன் வரும். செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் பல உண்டு; இரண்டு மூன்று நாள் மலைநடைப் பழக்கம் உள்ளவர்களுக்கே ஏற்றது. மலைக்காட்சிக்காக வருபவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். தங்கச் சுரங்க வரலாற்றுக்காக மட்டும் வருபவருக்கு, அந்த வரலாறு பயணத்தின் கடைசிக் கட்டத்தில்தான் கிடைக்கும் என்பதால், இது வீண் சுற்று.

ஊரில் நிமிர்ந்து நிற்பவை மிகச் சில. பள்ளி ஆசிரியர் குடியிருந்த நீதம் இல்லமும் ரொட்டி சுட்ட கட்டடமும் சீரமைக்கப்பட்டுள்ளன. மற்றவை பெரும்பாலும் கல்தளங்களும், குடியேறியவர்கள் நட்ட அயல்நாட்டு மரங்களுமே. பார்க்க வேண்டியது ‘ஹோம்வேர்ட் பவுண்ட்’ என்ற பாறை இடிப்பு ஆலை. கனமான இரும்பு உலக்கைகள் மாறி மாறி உயர்ந்து விழுந்து குவார்ட்ஸைப் பொடியாக்க, அந்தக் குழம்பைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடிப்பது இத்தகைய ஆலைகளின் முறை. சுற்றுப்புறக் கழிவு மண்ணில் ஆர்செனிக் இருப்பதால், அதைக் கிளறுவதும் அருகில் நீர் எடுப்பதும் தகாது. பழைய சுரங்க வாய்களுக்குள்ளும் நுழையக் கூடாது.

ஒரே நாளில் முடிக்க விரும்புவோருக்கு என் தேர்வு, மேட்டுப் பாதையில் போய் ஆற்றுப் பாதையில் திரும்புவது. காலையில் உடலில் தெம்பு இருக்கும்போதே ஏற்றத்தை முடித்துவிடலாம். மேஸ்டவுனில் ஆற்றின் நீர்மட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, திரும்பும் வழியை முடிவு செய்யலாம். நீர் உயர்ந்திருந்தால் வந்த மேட்டிலேயே ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே அதற்கான பகல்வெளிச்சத்தையும் உணவையும் கணக்கில் வைத்து, விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.