ப்ளைவுட் உப்பிப்போனால் எங்கே போவது: நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குக் கிச்சன் கப்போர்டும் வார்ட்ரோபும் செய்ய, நானே கடையில் நின்று ப்ளைவுட் எடுத்துக் கொடுத்தேன். வியாசர்பாடியில் ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானும் அதே கடையில் அதே பிராண்டு, அதே 19 எம்.எம். ஷீட்டைத்தான் எடுத்திருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு இடத்திலும் விளிம்பு உப்பி, லேயர் பிரிய ஆரம்பித்துவிட்டது. சிங்க் பக்கத்து ஷட்டரில் நகத்தை நுழைத்தால் மேல் வெனீர் அப்பளம் மாதிரி கையோடு வந்தது. "கம்பெனிக்குச் சொல்லியிருக்கேன் சார்" என்பதைத் தாண்டிக் கடைக்காரர் ஒன்றும் செய்யவில்லை.

நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். மச்சான் சிவில் பக்கம் போனார். ஒரே கடை, ஒரே சரக்கு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. என் ஓட்டு ஆணையத்துக்குத்தான். வீட்டுக்கு வாங்கியவன் பார்வையில் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

யார் எங்கே போகலாம் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்கோ வணிகத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. தனி ஆளாக உழைக்கும் ஆசாரி தனக்கென்று வாங்கிய ரம்ப மெஷினுக்கு அது பொருந்தலாம். ஆள் வைத்து பீரோவும் கட்டிலும் செய்து விற்கிற பட்டறையின் மூலப்பொருளுக்கு அதை நம்பிப் போக மச்சானின் வக்கீல் துணியவில்லை. "உனக்கு அது வீடு மச்சான், எனக்கு வியாபாரம். கோர்ட்டு ரெண்டையும் ஒண்ணா பார்க்காது" என்று மச்சானே சொல்லிவிட்டார். இன்டீரியர் கான்ட்ராக்டரிடம் மெட்டீரியலோடு சேர்த்து வேலையை ஒப்படைத்திருந்தால், கடையைத் தேடிப் போகாமல் கான்ட்ராக்டர் மீதே சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம்.

செலவில் போட்டியே இல்லை. ஆணையத்தில் நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் கட்டணம். 5 லட்சம் வரை ஒன்றும் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். மாவட்ட ஆணையமே 50 லட்சம் வரை விசாரிக்கும். சிவில் வழக்கில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017 வரை இது ஏழரை சதவீதமாக இருந்தது, அதற்கு இது தேவலை. வழக்குப் போடும் கெடுவில் மட்டும் சிவில் ஒரு படி மேல்: அங்கே 3 வருடம், ஆணையத்தில் 2 வருடம். இன்னொரு வசதி, நாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எங்களுக்குக் கடை பெரியமேடு பக்கம்தான் என்பதால் அதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் ப்ளைவுட் கம்பெனி பெரும்பாவூரிலோ யமுனாநகரிலோ இருக்கும்போது, அவர்களை வட சென்னைக்கு வரவைப்பது சின்ன விஷயமில்லை. கடையோடு கம்பெனியையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

இதெல்லாம் ஒரு பக்கம். வழக்கு நிற்பதும் விழுவதும் சாம்பிளில்தான்.

ப்ளைவுட்டில் தரம் என்பது ஷீட்டின் மேல் அடித்திருக்கும் முத்திரை. ஐ.எஸ். என்பது இந்தியத் தரநிலை எண். ஐ.எஸ். 710 என்றால் மரைன் கிரேடு. அதன் சாம்பிள் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் லேயர் விடாமல் இருக்க வேண்டும். ஐ.எஸ். 303 என்றால் பொது உபயோகம், அதிலும் எம்.ஆர். கிரேடு தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது. கடையில் வாயால் "710 சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்பார்கள். பில்லில் "19 எம்.எம். ப்ளை" என்று மட்டும் இருக்கும். பில்லே வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று எஸ்டிமேட் சீட்டை நீட்டுவார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எந்தப் படியும் ஏற முடியாது. என் பில்லில் பிராண்டும் கிரேடும் இருந்தன. ஆசாரி கேட்டு எழுதி வாங்கியது, என் சாமர்த்தியம் இல்லை.

அடுத்தது, எந்தத் துண்டைச் சோதனைக்குக் கொடுப்பது என்பது. கப்போர்டில் அடித்த பலகையைக் கழற்றிக் கொடுத்தால் எதிர்தரப்புக்குச் சாக்கு தயாராக இருக்கும்: சிங்க் ஒழுகியிருக்கும், ஆசாரி மட்டமான பசை போட்டிருப்பார், மைக்கா ஒட்டும்போது ஓரத்தை மூடாமல் விட்டிருப்பார். மூன்றுமே நடக்கக்கூடியவைதான் என்பதால் மறுப்பதும் கஷ்டம். தண்ணீரே படாத, முத்திரையோடு கூடிய வெட்டுத்துண்டு கையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கெல்லாம் இடமில்லை. எங்கள் ஆசாரி மிச்சத் துண்டுகளை லாஃப்டில் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றில் ஐ.எஸ்.ஐ. குறியும் லைசென்ஸ் எண்ணும் முழுசாக இருந்தன. அதைச் சட்டியில் போட்டு வேகவைத்துப் பார்க்கலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வீட்டில் வேகவைத்தது நம் திருப்திக்கு ஆகும், சாட்சிக்கு ஆகாது. நல்ல துண்டு ஒன்று வீணாவதுதான் மிச்சம்.

ஆணையம் சிவிலை ஜெயிப்பது இந்த இடத்தில்தான். சோதித்தால்தான் குறை தெரியும் என்ற பொருளாக இருந்தால், ஆணையமே சாம்பிளை வாங்கி, சீல் வைத்து, தகுந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 45 நாளில் அறிக்கை கேட்கும். கட்டணத்தை நாம் முன்கூட்டியே கட்ட வேண்டும். அறிக்கையின் நகல் எதிர்தரப்புக்கும் போகும். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்கள் பாடு. "இந்த ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்" என்ற வாதம் அதோடு அடிபட்டுப் போகிறது. நாமே தரமணியில் உள்ள தேசிய சோதனைக் கூடத்துக்கு நகரின் அந்தக் கோடி வரை போய்ச் சோதித்து வாங்கினாலும், துண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

சிவிலில் அந்தச் சுமை முழுக்க நம் தலையில். சோதனைக்கு கோர்ட் சார்பில் ஒரு கமிஷனரை நியமிக்கத் தனி மனு, அதற்கு எதிர் மனு, அதற்கு வாதம், நடுவில் வாய்தாக்கள். அறிக்கை எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையும் செய்வார்கள். இது மச்சானின் வக்கீல் சொன்ன வரிசை. அத்தனை படியும் நாங்கள் ஏறிப் பார்க்கவில்லை. மச்சானிடம் சாம்பிள் நிலைமை இன்னும் மோசம். ஷீட் எல்லாம் வெட்டி, மைக்கா ஒட்டி, டெலிவரி ஆகிவிட்டது. கைவசம் இருந்தவை திருவொற்றியூர் வாடிக்கையாளர் குட்டி யானையில் ஏற்றித் திருப்பி அனுப்பிய கதவுகள் மட்டும்தான். சரக்கை வெட்டிவிட்டால் திருப்பித் தள்ளவும் முடியாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி பிறகு நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம்.

ஆனால் மச்சானிடம் எனக்கு இல்லாத ஒரு பிடி இருந்தது: கடைக்குப் பாக்கி வைத்திருந்தார். சரக்கு மோசம் என்றால் அந்த நஷ்டத்தை விலையில் கழித்துக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பின்தேதி போட்ட செக் கடைக்காரர் கையில் இருக்கும்போது பேங்கில் ஸ்டாப் பேமென்ட் சொன்னால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-இன் கீழ் செக் வழக்கு நம் மேல் பாயும். மச்சான் செக் கொடுக்காத பாக்கியை மட்டும் நிறுத்தினார். குறு, சிறு உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கும் பட்டறைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சரக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்காவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பிறகு பணம் தரத் தாமதித்தால் அவர் கூட்டுவட்டி கேட்கலாம்.

மச்சான் கேட்ட தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் அது வணிக வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத பட்சத்தில் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2022-இல் அதைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. அங்கேயே முடிந்துவிட்டது. பாதி ரொக்கம், மீதி பழைய பாக்கியில் கழிவு. என் வழக்கை விட அது சீக்கிரம் முடிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாளைக்கும் சரக்கு எடுக்கப் போகிற ஆளை இழக்கக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. ஒரே தடவை வாங்கிய என்னிடம் அந்தக் கரிசனம் எதற்கு?

ஆணையத்தில் சோதனை தேவைப்படும் வழக்குக்கு 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. என் வழக்கு அதைத் தாண்டியது. பதில் மனுவுக்கு 30 நாள், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள் என்ற வரம்பு மட்டும் கறாராக நடந்தது. உத்தரவில் ப்ளைவுட் விலை முழுதும், ஆசாரி கூலியில் ஒரு பகுதியும் வந்தன. கூலியைக் கேட்டுவிடுவது முக்கியம், ஏனென்றால் கம்பெனி கேரண்டி கார்டு பெரும்பாலும் ஷீட்டுக்கு ஷீட் மாற்றித் தருவதோடு நின்றுவிடும். செலவில் பெரும்பங்கு கூலியும் மைக்காவும் கீலும்தான்.

எதிர்தரப்பு மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக 45 நாள் இருக்கிறது. ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. கடைக்காரர் அந்தக் கெடு முடியும் வரை பார்த்துவிட்டு, செக் எழுதி அனுப்பினார். அது பாஸும் ஆனது.