ஹிகாரு உதாதா: முதலில் ‘ஃபர்ஸ்ட் லவ்’ வாங்குவதா, ‘டிஸ்டன்ஸ்’ வாங்குவதா?

ஜப்பானில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் பாடகர் ஹிகாரு உதாதாவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’தான். 1999 மார்ச் 10 அன்று வெளிவந்தபோது உதாதாவுக்கு வயது 16. ஜப்பானின் விற்பனைப் பட்டியலான ஓரிகானின் கணக்கில் சுமார் 76.5 லட்சம் பிரதிகள் விற்றன. அன்றைய ஜப்பானில் பதினாறு, பதினேழு பேருக்கு ஒரு தட்டு என்று வருகிறது. அதற்கு முன் உச்சியில் இருந்த பீஸ், க்ளே ராக் குழுக்களின் தட்டுகள் ஏற்கெனவே ஹிட்டான பாட்டுகளைத் திரட்டிப் போட்ட தொகுப்புகள். அவற்றை ஓர் அறிமுக ஸ்டுடியோ ஆல்பம் தாண்டியது என்பதுதான் இதில் விசேஷம்.

‘டிஸ்டன்ஸ்’ 2001 மார்ச் 28 அன்று வந்தது. இன்னொரு ஜப்பானியப் பாடகி அயுமி ஹமசாகியின் ‘ஏ பெஸ்ட்’ தொகுப்பும் அதே நாளில் கடைக்கு வர, பத்திரிகைகள் அதை ஒரு மல்யுத்தமாகவே ஆக்கிவிட்டன. முதல் வாரத்தில் ‘டிஸ்டன்ஸ்’ 30 லட்சம், ‘ஏ பெஸ்ட்’ கிட்டத்தட்ட 28.7 லட்சம். ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் இத்தனை விற்ற ஆல்பம் என்ற பெருமை 2015-ல் அமெரிக்காவில் அடெல் வரும்வரை ‘டிஸ்டன்ஸ்’ வசம் இருந்தது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரியும். ‘டிஸ்டன்ஸ்’ மொத்தம் விற்றது 44.7 லட்சம், அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் வாரத்திலேயே போய்விட்டது. ‘ஃபர்ஸ்ட் லவ்’ முதல் வாரத்தில் விற்றது சுமார் 20 லட்சம், அதாவது மொத்தத்தில் கால் பங்குதான். மீதி எல்லாம் பிறகு மெதுவாக விற்றவை. காரணமும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றே. ‘ஃபர்ஸ்ட் லவ்’ என்ற தலைப்புப் பாட்டு தனி சிங்கிளாக வந்தது ஏப்ரல் 28 அன்று, ஆல்பத்துக்கு ஏழு வாரம் கழித்து. அந்த நேரத்தில்தான் டிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘மாஜோ நோ ஜோகென்’ தொடரில் அது வாரா வாரம் ஒலித்துக்கொண்டிருந்தது. சிங்கிளை வைத்து ஆல்பத்தை விற்பதுதான் வழக்கம். இங்கே ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிங்கிள் வந்து இன்னொரு தள்ளு தள்ளியது.

விற்பனை கிடக்கட்டும். காதுக்கு எது?

‘ஃபர்ஸ்ட் லவ்’ சின்ன அறையில் செய்ததுபோன்ற ஆல்பம். நிதானமான ஆர் அண்ட் பி தாளம், அடியில் தடித்த பேஸ், முன்னால் குரல். ‘ஆட்டோமேட்டிக்’ முதல் வரியைக் கவனியுங்கள்: ‘ஏழாவது’ என்று பொருள்படும் சொல்லை முதல் அசையிலேயே வெட்டி, மீதியை அடுத்த அடியில் போடுகிறார். அதுவரை ஜப்பானியப் பாட்டில் கேட்டுப் பழகிய சொற்பிரிப்பு இது இல்லை. ‘நெவர் லெட் கோ’வில் ஸ்டிங்கின் ‘ஷேப் ஆஃப் மை ஹார்ட்’ கிதார் வருவதை உடனே கண்டுபிடித்துவிடலாம். தலைப்புப் பாட்டுக்கு இசைக்கோர்ப்பு கேய் கவானோ. பியானோவில் தொடங்கி, வயலின்கள் நிதானமாகச் சேர்ந்து, கடைசிப் பல்லவிக்குச் சுருதி ஏறும்போது பாட்டின் கனமே மாறிவிடுகிறது. குறை என்றால் வால் பகுதிதான். எட்டாவது பாட்டோடு ஆல்பம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறது. கடைசியில் போனஸாக ஒட்டிய ‘ஆட்டோமேட்டிக்’ ரீமிக்ஸ் வேறு ஏதோ தட்டிலிருந்து தவறி வந்ததுபோல் இருக்கும். தயங்காமல் தாண்டிவிடுங்கள்.

‘டிஸ்டன்ஸ்’ பெரிய பட்ஜெட் ஆல்பம். ஜேனட் ஜாக்சனின் தயாரிப்பாளர்களான ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ் ஜோடி ‘வெயிட் அண்ட் சீ’, ‘அடிக்டட் டு யூ’ இரண்டையும் செய்தது. ‘டைம் லிமிட்’ பாட்டில் க்ளே குழுவின் தகுரோவுக்கும் பங்கு உண்டு. ‘கேன் யூ கீப் எ சீக்ரெட்?’ குரலை இயந்திரத்தில் போட்டு வளைக்கும் பாட்டு. கிமுரா தகுயா நடித்த ‘ஹீரோ’ தொடரில் வந்தது. முதல் மூன்று பாட்டுகள் வரிசையாக வரும் வேகத்துக்கு ‘ஃபர்ஸ்ட் லவ்’வில் ஈடு கிடையாது. ஆனால் ஆல்பமாக உட்கார்ந்து கேட்டால் சிங்கிள்களுக்கு நடுவே இட்டு நிரப்பிய உணர்வு அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

என் தீர்ப்பு: முதலில் ‘ஃபர்ஸ்ட் லவ்’. ஓட்டம், ஜிம், கார் என்றால் மட்டும் ‘டிஸ்டன்ஸ்’. கரோக்கேயில் பாட நினைப்பவர்களுக்கு இரண்டும் சோதனைதான். ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டில் பல்லவி மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவுகிறது. அடிவயிற்றிலிருந்து கத்தினால் கெட்டது. ‘வெயிட் அண்ட் சீ’யோ, சுருதி உயரமாக இருந்தால் இறக்கிக்கொள்ளலாம் என்று வரியிலேயே அனுமதி தருகிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது தடுக்கி விழும் இடங்கள் சில. ‘டிஸ்டன்ஸ்’ பாட்டின் உருக்கமான மெதுவடிவம் வேண்டி அந்த ஆல்பத்தை வாங்குபவர்கள் உண்டு. அது ‘ஃபைனல் டிஸ்டன்ஸ்’; 2001 ஜூலையில் தனியாக வந்து, 2002-ல் ‘டீப் ரிவர்’ ஆல்பத்தில் சேர்ந்தது. ‘அடிக்டட் டு யூ’வின் ‘அப்-இன்-ஹெவன்’ கலவை மட்டும்தான் ஆல்பத்தில் இருக்கிறது, ‘அண்டர்வாட்டர்’ கலவை வேண்டுமானால் 1999 நவம்பர் சிங்கிளைத் தேட வேண்டும்.

பழைய தட்டுகள் ஜப்பானில் கொட்டிக் கிடக்கின்றன. லட்சக்கணக்கில் அச்சான பொருளுக்கு அரிது என்று விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வாடகைக் கடையிலிருந்து கழித்த பிரதியா என்று விற்பவரிடம் கேளுங்கள்: உறையிலும் புத்தகத்திலும் ஸ்டிக்கர் பசை இருக்கும், தட்டு பல கை மாறிக் கீறியிருக்கும். பிளாஸ்டிக் பெட்டி உடைந்திருந்தால் பரவாயில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். பாடல் வரிப் புத்தகமும் ‘ஓபி’ எனும் காகிதப் பட்டையும் போனால் போனதுதான். வெளிநாட்டுக்கு வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டும், அதனால் இரண்டையும் ஒரே பொதியில் வாங்குவது லாபம்.

2014-ல் வந்த ‘ஃபர்ஸ்ட் லவ்’ 15-ஆம் ஆண்டு டீலக்ஸ் பதிப்பில் மறு மாஸ்டரிங், குரலில்லாத டிராக்குகள், 1999 கச்சேரி டிவிடி எல்லாம் உண்டு. எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு டிவிடிகளில் மண்டல எண் உண்டு: ஜப்பானிய டிவிடிகள் பொதுவாக மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. பூட்டு திறக்காத பிளேயரில் ஓடாது. பாட்டு மட்டும் போதும் என்றால் 1999 தட்டே தாராளம்.