புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, பைபாஸ் கொழுப்பு: வைக்கோல் தின்னும் மாட்டுக்கு எது பொருந்தும்?

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையையும் வடகரப்பதியையும் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களின் தொழுவங்களில் வைக்கோலும் தட்டுமே (சோளம் போன்ற பயிர்களின் உலர்ந்த தண்டு) மாட்டின் வயிற்றை நிரப்புகின்றன. பால் சங்கத்தில் கொழுப்பையும் பார்த்தே பாலுக்கு விலை போடுவதால், தீவனத்தில் எண்ணெய் சேர்த்தால் பாலில் கொழுப்பு ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். பல வேளைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

வைக்கோலின் நாரை மாடு தானாகச் செரிப்பதில்லை. மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே அதைச் சிதைத்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன, பால் கொழுப்பில் கணிசமான பங்கு அந்த அமிலத்திலிருந்துதான் உருவாகிறது. தனியாக ஊற்றிய எண்ணெய் அங்கே இறங்கும்போது நார்த்துணுக்குகளின் மேல் படலமாகப் படிவதோடு, அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களின் சவ்வையே தாக்குகின்றன. வயிறு உப்பிய மாட்டுக்கு எண்ணெய் புகட்டிப் பிழைக்க வைத்த அனுபவம் நம் ஊர்களில் உண்டு; அது நுரையை உடைக்கும் ஒருநாள் மருத்துவம், அதைத் தினசரித் தீவனமாக்குவது தவறு.

உலர்நிலையில், அதாவது ஈரத்தை நீக்கிய எடையில் கணக்கிட்டால், மொத்தத் தீவனத்தில் கொழுப்பு சுமார் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நாளுக்கு 10 கிலோ உலர்தீவனம் தின்னும் பசுவுக்கு இது 600 கிராம். புல்லிலும் வைக்கோலிலும் இயல்பாகவே 200 கிராம் அளவு போய்விடும். மிஞ்சும் 400 கிராமை எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

செக்கில் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எண்ணெய் தங்கியிருக்கும். தேங்காய் எண்ணெயின் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம்; அது பெருவயிற்றிலுள்ள புரோட்டோசோவா என்னும் ஒற்றைச்செல் உயிர்களைக் கொன்று மீத்தேனைக் குறைக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் நார்ச் செரிமானத்தையும் சேர்த்தே குறைக்கும். ஆகவே புண்ணாக்கு நாளுக்கு ஓரிரு கிலோவோடு நிற்பது நல்லது, அதற்கு மேல் தேங்காய் எண்ணெயைத் தனியாக ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். சால்வென்ட் (கரைப்பான்) முறையில் எண்ணெய் நீக்கிய புண்ணாக்கில் இந்தச் சிக்கல் இல்லை. புரதம் கிடைக்கும், ஆற்றல் சற்றுக் குறையும்.

பருத்திக்கொட்டையின் எண்ணெய் லினோலிக் அமிலம் மிகுந்தது. தனியாகக் கொடுத்தால் நாருக்குப் பெரும் பகை. ஆனால் முழுக்கொட்டையாகத் தின்னும்போது, மாடு அசைபோட அசைபோட எண்ணெய் சிறிது சிறிதாகவே வெளிவருவதால் நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துக்கொள்கின்றன. கொட்டையின் மேலுள்ள பஞ்சும் உமியும் நாராகவே பயன்படுகின்றன. ஊறவைத்து மையாக அரைத்துப் பாலெடுத்து ஊற்றும் நம் வழக்கம் இந்த நன்மையைக் கெடுத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். கிலோவுக்கு 200 கிராமை ஒட்டி எண்ணெய் இருப்பதால், நாளுக்கு ஒரு கிலோவுக்குள் முழுதாகவே கொடுக்கலாம். காசிபோல் என்னும் நச்சு இருப்பதால் கன்றுகளுக்கு வேண்டாம்.

பைபாஸ் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்தோடு பிணைத்துச் செய்த சோப்பு. பெருவயிற்றில் கரையாமல் கடந்து, அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில் பிரிவதால் நார்ச் செரிமானத்தை அது பெரும்பாலும் தொடுவதில்லை. கன்று ஈன்றவுடன் 15 லிட்டருக்கு மேல் கறந்து உடல் மெலியும் கலப்பினப் பசுவுக்கு அது தகும். ஐந்தாறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வீண்செலவு.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். செரியாத நீண்ட வைக்கோல் துணுக்குகள் சாணத்தில் தெரிந்தாலோ, மாடு தட்டைக் கழித்துவிட்டு நின்றாலோ, அன்றே எண்ணெயைக் குறையுங்கள்.