மொரீசியஸ் காவடிக்கு வருகிறவர்கள் "நம்ம ஊர் ஏஜென்ட்"டை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்

போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. மேலே மயில், வேல், நடுவில் மலைப்படி ஏறும் காவடிக் கூட்டம், கீழே "மொரீசியஸ் தைப்பூச தரிசனம், 6 நாள், எல்லாம் உள்பட". அதற்கும் கீழே இருந்த போன் நம்பரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதே ஆள். எங்கள் வீட்டு ஐந்து பேரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு நட்டாற்றில் விட்டவர். பெயரை இங்கே போடவில்லை. போட்டால் வேறு பெயரில் வருவார், அவ்வளவுதான். நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு உங்களுடையது.

நான் மொரீசியஸில், ரோஸ் ஹில் ஊரில் எட்டு வருடமாக இருக்கிறேன், வேலை பக்கத்து எபேனில். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அக்கா மகன் எல்லோரும் தைப்பூசத்துக்கு வருவதாக முடிவானபோது எனக்கு ஆபீசில் கணக்கு முடிக்கிற நேரம். "நீ ஒண்ணும் அலையாதே மாப்ளே, இங்க ஒருத்தர் இருக்கார், நம்ம ஊர்க்காரர்தான், மொரீசியஸ்லயே ஆள் வெச்சிருக்கார்" என்றார் அத்தான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு "சரி"க்கு இன்னும் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் "என்ட்ரி பெர்மிட்" என்று தலைக்கு 4,500 இந்திய ரூபாய் வாங்கியிருக்கிறார். இது எனக்குத் தெரிய வந்தது அவர்கள் இங்கே இறங்கிய பிறகு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுற்றுலாவாக வருவதற்கு முன்கூட்டி விசா எடுக்கவே வேண்டாம், விமான நிலையத்திலேயே அனுமதி முத்திரை குத்துகிறார்கள், அதற்குக் கட்டணமும் கிடையாது. திரும்பிப் போகிற டிக்கெட், தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம், இவற்றைத்தான் கேட்பார்கள். அது போக "ஆல் இன் ஒன்" என்று ஒரு பயணப் படிவம் ஆன்லைனில் நிரப்பவேண்டும், அதுவும் இலவசம்தான். அரசு தளத்தின் முகவரி ஜிஓவிஎம்யு டாட் ஓஆர்ஜி என்று முடியும். பார்த்தால் அரசு தளம் மாதிரியே இருந்துகொண்டு கார்டு நம்பர் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள். நம்ம ஆள் செய்தது இதுதான்: அந்த இலவசப் படிவத்தை நிரப்பி, வந்த கியூஆர் கோடை பிரிண்ட் எடுத்து, மேலே சிவப்பு முத்திரை ஒன்று அடித்து, லேமினேட் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். அப்பா அதை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

நிரப்பியதையாவது ஒழுங்காக நிரப்பினாரா என்றால் இல்லை. தங்குமிடம் என்று கிராண்ட் பேயில் ஒரு ஹோட்டல் பெயரைப் போட்டிருக்கிறார், அங்கே யாருக்கும் ரூமே போடவில்லை. உண்மையில் ரூம் ஃப்ளிக் அன் ஃப்ளாக்கில். ஒன்று தீவின் வடக்கே, இன்னொன்று மேற்கே. குடியேற்ற அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டதும் அப்பா உள்ளதைச் சொல்ல, ஐந்து பேரையும் ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள்.

அதைத் தாண்டி வந்தால் கஸ்டம்ஸ். அம்மா தன் மாத்திரைகளையெல்லாம் பழைய பஞ்சாமிர்த டப்பா ஒன்றில் போட்டு வைத்திருப்பார், அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. "எந்த மருந்தும் கொண்டு போகலாம்மா, நம்ம ஆள் பார்த்துக்குவார்" என்று அந்த ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அதிகாரி டப்பாவை ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்க்க, அம்மா விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி, இது பிரஷர், இது சுகர், இது தூக்கத்துக்கு என்று சொல்ல, அத்தான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். தூக்கம் என்றதும் அதிகாரியின் பேனா நின்றுவிட்டதாம். தூக்க மாத்திரை, மனப் பதற்றத்துக்கான மாத்திரை, டிரமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரை, இவையெல்லாம் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கொண்டுவர வேண்டுமானால் மருத்துவர் சீட்டோடு சுகாதார அமைச்சகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். மாத்திரைகள் வந்த அட்டையிலேயே இருக்கட்டும். அம்மாவின் அந்தத் தூக்க மாத்திரையை, அல்பிரசோலத்தை, எடுத்து வைத்துக்கொண்டு, வயசானவர் என்று எச்சரித்து விட்டார்கள். இரண்டு மணி நேரம். நான் வெளியே நின்றுகொண்டு போன் போட்டால் எடுப்பார் இல்லை. இ-சிகரெட்டுக்கும் சிகரெட் சுருட்டும் தாளுக்கும்கூட இங்கே தடை, அக்கா மகன் பையில் எதுவும் இல்லாதது முருகன் செயல்.

அம்மா கட்டிக்கொண்டு வந்த கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் குப்பைக்குப் போனது. பச்சைச் செடி, பழம், விதை எதுவும் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. கொண்டுவரத் தேவையும் இல்லை, சந்தையில் "கரிப்புலே" என்று கேளுங்கள், "பிரெட் முரும்" என்று கேளுங்கள், கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பெயர்களைப் பார்த்தாலே தெரியும் யார் கொண்டுவந்தது என்று.

"மொரீசியஸ்ல இருக்கிற ஆள்" அனுப்பிய கார் இங்கே "டாக்ஸி மரோன்" என்பார்களே, அது. லைசென்ஸ் இல்லாத சொந்தக் கார். முறையான டாக்ஸியின் கதவில் எந்த பேஸை, அதாவது எந்த ஸ்டாண்டைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும், அது இல்லாவிட்டால் ஏறாதீர்கள், அடிபட்டால் இன்சூரன்ஸ் பேச்சே எடுக்க முடியாது.

நாலாவது நாள் எனக்கு சுகாதார அலுவலகத்திலிருந்து போன். உங்கள் உறவினர்களை கிராண்ட் பே ஹோட்டலில் தேடினோம், அப்படி யாரும் இல்லை என்கிறார்களே என்று. ஏஜென்ட் அந்தப் படிவத்தில் சரியாகப் போட்டது என் நம்பர் ஒன்றைத்தான் போல. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து, இந்தியா உள்பட, வருகிறவர்களைத் தேடிப் போய் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது இந்த ஊர் வழக்கம். 1973இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, 1975 புயலுக்குப் பின் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது, உள்ளூரில் கடைசியாகப் பரவியது 1997இல். அதனால்தான் விடாமல் பார்க்கிறார்கள். அப்பா கையை நீட்டவே மாட்டேன் என்றார். ரத்தம் எடுக்க வந்த சுகாதார ஊழியர் அம்மா எவ்வளவு பொறுமையாகப் பேசினார் தெரியுமா! யாராவது வந்து கேட்டால் பயப்படாமல் விரலைக் கொடுங்கள், காசு கேட்கமாட்டார்கள். டெங்குவும் சிக்குன்குனியாவும் இங்கே உண்டு, கொசு மருந்தைத் தடவிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். படகுதான் மனசை விட்டுப் போகவில்லை.

பேக்கேஜில் இல் ஓ செர் தீவு இருந்தது. அங்கே போகப் படகு ஏறுகிற த்ரு தோ தூஸில் போய்ப் பார்த்தால் படகின் பக்கத்தில் சுற்றுலா ஆணையப் பதிவு எண் எதுவும் இல்லை. ஒன்பது பேருக்கு ஐந்து லைஃப் ஜாக்கெட், அதில் இரண்டுக்கு ஜிப் இல்லை. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். தைப்பூசம் வருவது புயல் காலத்தில் வேறு, 2024 ஜனவரி 15 பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் பையன் ஆசைப்படுகிறானே என்று அத்தான் ஏறிவிட்டார். காவடி விரதத்தில் இருந்தார் அவர், சாப்பாடு வேண்டாம், கடலை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. கரைக்கு நாலு ஆள் தூரத்தில் படகை நிறுத்தி, மணல்தான், குதி என்றிருக்கிறார் படகுக்காரர். வெறுங்காலோடு குதித்தார். நேராகக் கடல் முள்ளெலி மேல். குதிகாலில் கறுப்பாகப் பதினோரு முள், உள்ளே ஒடிந்து நிற்கிறது. படகுக்காரர் "பெனா ப்ரொப்லெம்", ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லி அதன் மேல் ரம்மை ஊற்றினாராம், விரதக்காரர் கால் மேல்.

இங்கே லகூனில், அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற கடலில் இறங்கினால் ரப்பர் செருப்பு போடாமல் இறங்காதீர்கள். அத்தானுக்குக் குத்தியது முள்ளெலி, அதனால் தப்பித்தார். "லாஃப்" என்று மீனவர்கள் சொல்கிற கல்மீன் கல்லோடு கல்லாகக் கிடக்கும், அதன் முள் விஷம். மிதித்துவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஆம்புலன்சுக்கு 114. முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று படகில் ஏறும் முன்பே கேளுங்கள்.

தனியார் கிளினிக்கில் 7,800 மொரீசியஸ் ரூபாய் ஆனது. "எல்லாம் உள்பட" என்றீர்களே, பயண இன்சூரன்ஸ் எங்கே என்று ஏஜென்டுக்கு எழுதினால், அதே லேமினேட் அட்டையின் போட்டோவைத் திருப்பி அனுப்புகிறார். இன்சூரன்சே எடுக்கவில்லை. ஒரு மாதம் சண்டை போட்டதில் 6,000 இந்திய ரூபாய் அனுப்பினார், அப்புறம் எங்கள் எல்லோர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்.

தைப்பூசத்தன்று கோர் த கார்த் மலைக் கோயில் அடிவாரத்தில் அத்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எடுக்க வேண்டிய பால் காவடியை அக்கா எடுத்தாள், இந்த ஊர் வழக்கப்படி பிங்க் சேலை கட்டிக்கொண்டு. அவள் படியேறுவதைப் பின்னாலிருந்து நான் போட்டோ எடுத்தேன். பணத்தகராறு தொடங்காத அந்தச் சாயங்காலமே அத்தான் அதை ஏஜென்டுக்கும் அனுப்பி வைத்தார், நல்லபடியாக தரிசனம் ஆச்சு என்று. போன வாரம் வந்த போஸ்டரின் நடுவில் இருப்பது அந்தப் படம்தான்.