கிம்பல் பேரிங்: கிரீஸ் அடிக்கும் வகையா, மூடி வரும் வகையா?

மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் போன்ற ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில் (எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்புறம் வெளியேயும் இருப்பவை), எஞ்சின் கப்ளருக்குள் (எஞ்சினின் பின்புற இணைப்பி) நுழையும் டிரைவ் தண்டைத் தாங்குவது கிம்பல் பேரிங். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உறுமல் கூடினால், யூ-ஜாயின்ட்டுகளோடு (தண்டு வளைந்து சுழல உதவும் மூட்டுகள்) சேர்த்து இதையும் சந்தேகிக்க வேண்டும். டிரைவைக் கழற்றிய பின் உள்வளையத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். நறநறவென்று உரசினாலோ துருநீர் கசிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும்.

புதிதாகப் பொருத்த இரண்டு வகை உண்டு: அவ்வப்போது கிரீஸ் அடிக்க வேண்டியது, உள்ளே கிரீஸுடன் மூடியே வருவது.

செலவு: இரண்டுக்கும் கழற்றும் வேலையும் புல்லரும் (பேரிங்கை இழுத்தெடுக்கும் கருவி) ஒன்றேயாதலால், விலை வேறுபாட்டை வைத்து முடிவெடுப்பது வீண்.

பொருத்துதல்: கிரீஸ் வகையில் பேரிங்கின் துளையும் அதைச் சுற்றியுள்ள வெளிவளையத்தின் இடைவெளியும் ஹவுசிங்கின் (பேரிங் அமரும் கூடு) கிரீஸ் பாதைக்கு நேராக அமைய வேண்டும், சற்றே விலகினாலும், பின்னாளில் நீங்கள் அடிக்கும் கிரீஸ் பேரிங்கைச் சென்றடையாது. மூடிய வகையில் இந்தக் கவலை இல்லை.

நீடித்து உழைப்பது: முன்னதில் புதிய கிரீஸ் பழையதையும் ஈரத்தையும் வெளியே தள்ளும், ஆனால் அதை அடிக்க ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும். பின்னதில் நினைவு வைக்க எதுவும் இல்லை, காப்பாற்றவும் வழியில்லை. பெல்லோஸ் (தண்ணீர் புகாமல் தண்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை) கிழிந்து தண்ணீர் புகுந்தால் இரண்டுமே கெடும். ஆகவே பெல்லோஸையும் கூடவே மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது, என் பார்வையில், பாதி வேலைதான்.

எதைப் பொருத்தினாலும், அலைன்மென்ட் கம்பி (எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பேரிங் வழியாகச் செருகும் கம்பி) எஞ்சின் கப்ளருக்குள் இரண்டு விரல் அழுத்தத்தில் நுழையாவிட்டால், எஞ்சினைத் தாங்கும் முன் மவுன்ட்டுகளைச் சரிசெய்யாமல் டிரைவை ஏற்றக்கூடாது.

உப்புநீரில் அடிக்கடி ஓடி, கிரீஸ் கன் கையிலேயே இருக்கும் படகுக்கு முதல் வகை பொருந்தும். வார இறுதியில் மட்டும் ஏரியில் இறங்கி, டிரெய்லரில் வீடு திரும்பும் படகுக்கு மூடிய வகையே போதும்.