அமெரிக்காவில் புவி அறிவியல் முனைவர் படிப்பு: விண்ணப்ப முறையும் நிதி உதவியும் – ஒரு மதிப்பீடு

நிலவியலிலோ புவி இயற்பியலிலோ எம்.எஸ்சி. முடித்த மாணவர் ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காகச் செலவிடும் பணமும் உழைப்பும் சிறியவை அல்ல. ஆகவே அந்த விண்ணப்ப முறையையும் அதன் வழியாகக் கிடைக்கும் நிதி உதவியையும், காசு கொடுத்துப் பெறும் எந்தச் சேவையையும் எடைபோடுவது போலவே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் நிலவியல் படித்து, இதே வழியில் வந்து, இப்போது அமெரிக்காவில் புவி அறிவியல் துறையொன்றில் ஆய்வு மாணவனாக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதி ஏற்பாடு, வீட்டில் பணவசதி இல்லாமல் அறிவியல் ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவருக்குத் துணிந்து பரிந்துரைக்கும் அளவுக்கு நல்லது. அதை அடைவதற்கென்று வைத்திருக்கும் இணையவழி விண்ணப்பச் சேவையோ செலவு மிகுந்தது, விளக்கம் குறைந்தது.

முனைவர் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் மாணவருக்குப் பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் புவி அறிவியல் துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதந்தோறும் உதவித்தொகையும், முழுமையாகவோ பகுதியாகவோ மருத்துவக் காப்பீடும் தருகின்றன. வங்கிக் கடன் வாங்க வேண்டியதில்லை. வீட்டையோ நகையையோ அடகு வைக்க வேண்டியதில்லை. பொறியியல் முதுகலைக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் செல்பவர்களையே அதிகம் பார்த்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை நம்ப வைப்பதே கடினமாக இருக்கிறது. இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. புவி அறிவியலில் ஆய்வேட்டுடன் கூடிய முதுகலைப் படிப்புக்கும் பல துறைகள் இதே போன்ற உதவியைத் தருகின்றன. ஆய்வேடு இல்லாத, பாடத் தாள்களை மட்டும் கொண்ட முதுகலைக்கு அநேகமாகக் கிடைக்காது. ஆகவே நிதி உதவி இல்லாமல் வரும் முதுகலைச் சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்துக் கடன் வாங்கிப் புறப்படுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் விண்ணப்பத்தை எப்படி அணுகுவது என்பது விளங்கும். ஒரு பேராசிரியர், ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்புகளான தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கோ, நாசாவுக்கோ, எரிசக்தித் துறைக்கோ ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பும்போதே, அதில் ஒரு மாணவருக்கான உதவித்தொகையையும் கல்விக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார். திட்டம் ஏற்கப்பட்டால் அவருக்கு மாணவர் ஒருவர் தேவை. ஏற்கப்படாவிட்டால், எவ்வளவு சிறந்த விண்ணப்பம் வந்தாலும் அந்த ஆண்டு அவரால் எடுக்க முடிவதில்லை. சேர்க்கைக் குழு என்ற ஒன்று இருப்பது உண்மையே. ஆனால் “இந்த மாணவரை நான் எடுத்துக்கொள்கிறேன், அவருக்குத் தர என் திட்டத்தில் பணம் இருக்கிறது” என்று துறைக்குள் ஒரு பேராசிரியர் சொல்லாத விண்ணப்பம், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. பல துறைகளின் இணையதளங்கள் இதை ஒற்றை வரியில், “விரும்பினால் ஆசிரியர்களைத் தொடர்புகொள்ளலாம்” என்பது போல மென்மையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. விண்ணப்பச் சேவையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான். உள்ளூர் மாணவர்களுக்குத் தங்கள் கல்லூரி ஆசிரியர்கள் மூலமே இந்த நடைமுறை தெரிந்துவிடுகிறது. சேலத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ விண்ணப்பிப்பவருக்குச் சொல்ல ஆளில்லை. அவர் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பாக, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில், பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலே உண்மையான விண்ணப்பம். அது சுருக்கமாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். “தங்கள் ஆய்வுகள் அனைத்தும் என்னை ஈர்த்தன” என்று எழுதும் கடிதம் நூறு பேருக்குப் போகக்கூடிய கடிதம் என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நம் மாணவர்கள் தங்கள் களப்பணியின் அருமையை உணர்வதில்லை என்பது என் ஆதங்கம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறைகளை ஒத்திருப்பதால், சந்திரயான் ஊர்தியைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அதிலிருந்து தயாரித்தது. அந்தப் பாறையைக் கையில் எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்திருக்கும் மாணவர், கோள்களின் மேலோடு பற்றி ஆராயும் ஒருவரிடம் சொல்வதற்குச் சொந்தமாக ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார். அரியலூரின் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) படிவுகளை அளந்து வரைந்தவருக்கும், பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறையை நுணுகி ஆராய்ந்தவருக்கும் இது பொருந்தும். உலகம் முழுவதும் பாடநூல்களில் இடம்பெறும் பாறைகள் நம் பேருந்து வழித்தடங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. செய்த வேலையை நான்கு வரியில் எழுதி, அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படித்து, அதிலிருந்து எழும் ஒரு கேள்வியைக் கேட்டு, வரும் ஆண்டில் மாணவரை எடுக்க நிதி உண்டா என்று நேராகவே வினவலாம். அந்தக் கடைசிக் கேள்வியை எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுவதும் முறையானதே. “இந்த ஆண்டு இல்லை” என்று வரும் பதில்கூட ஒரு விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துகிறது.

இந்த இடத்தில்தான் நம் ஊரில் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்களின் சேவையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அணுகிய நிறுவனம், பெயர் வேண்டாம், பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றையும், கணினி அறிவியல் மாணவருக்கும் எனக்கும் பொதுவாகப் பொருந்தக்கூடிய நோக்க அறிக்கை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்துடன் எழுதித் தரும் கட்டுரை) ஒன்றையும் தந்தது. பேராசிரியருக்கு எழுத வேண்டும் என்ற சொல்லே அங்கு எழவில்லை. கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலை மாணவர்களை அனுப்புவதற்கு அவர்கள் பயன்படலாம். நிதி உதவியுடன் கூடிய ஆய்வுப் படிப்புக்கு அவர்களிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. துறையில் ஏற்கெனவே படிக்கும் மாணவர் ஒருவர் அரை மணி நேரம் பேசினால், அதைவிடப் பன்மடங்கு பயன் கிடைக்கும், அதுவும் இலவசமாக.

இணையவழி விண்ணப்பம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் வருகிறது. கட்டணம் பொதுவாக 100 டாலரை ஒட்டியே இருக்கிறது. அதனுடன் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் செலவையும் சேர்த்தால், ஆறேழு இடங்களுக்கு விண்ணப்பிப்பதே ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்கிவிடும். கட்டணத் தள்ளுபடி சில இடங்களில் உண்டு. துறை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும், கேட்காமல் தரமாட்டார்கள். ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தகுதித் தேர்வைப் பல புவி அறிவியல் துறைகள் கைவிட்டுவிட்டது பெரிய நிம்மதி. மதிப்பெண் பட்டியலின் நகலை ஏற்றினால் விண்ணப்பக் கட்டத்தில் பெரும்பாலும் போதும். முத்திரையிட்ட அசல் சேர்க்கைக்குப் பிறகுதான் தேவைப்படுகிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் உள்ளவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை; எம்.எஸ்சி. முடித்திருந்தால் அந்தச் சிக்கல் அநேகமாக எழாது. பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். அவற்றில் ஒன்றாவது, உங்களுடன் களத்தில் நடந்து, உங்கள் குறிப்பேட்டைப் பார்த்த ஆசிரியருடையதாக இருப்பது நல்லது.

இனி நிதியின் வகைகளுக்கு வருகிறேன். பேராசிரியரின் திட்டப் பணத்தில் அமையும் ஆய்வு உதவியாளர் பணியில் உங்கள் ஆய்வேட்டுக்கான வேலையே சம்பளத்துக்குரிய வேலையாகவும் அமைவது இதன் சிறப்பு. ஆனால் திட்டத்தின் தலைப்பு முன்பே முடிவாகியிருக்கும். கற்பித்தல் உதவியாளர் பணியில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை இளநிலை மாணவர்களுக்குக் கனிமவியல் செய்முறை வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, களப் பயணங்களில் உடன் செல்வது ஆகியவை வரும். நேரம் போகும் என்பது மெய்தான். ஆயினும் முதல் ஆண்டில் நம் மாணவர்களுக்கு இதுவே நல்ல பயிற்சி என்று கருதுகிறேன். ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசவும், அடிப்படைகளை மறுபடி உறுதியாகக் கற்கவும் இதைப் போன்ற வாய்ப்பு வேறில்லை. கடிதத்தில் ஒன்றை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும் தொகை ஒன்பது மாதத்துக்கானதாக இருந்தால், கோடை மாதங்களின் வாடகைக்கு வழி என்ன என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் ‘மாணவர் கட்டணங்கள்’ என்ற பெயரில் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தொகையைச் சில பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொள்கின்றன. வருமான வரியும் உண்டு. ஆனால் இந்திய மாணவர்களுக்கு இருநாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையை வரிக்கணக்கிலிருந்து நீக்குவதை, கோரும் உரிமையைத் தருகிறது. பல நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை. நம்மவர்கள் பலர் அறியாமலே இதை விட்டுவிடுகிறார்கள்.

தேசிய அறிவியல் அறக்கட்டளை 1952 முதல் வழங்கிவரும் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை இத்துறையில் மிகவும் மதிக்கப்படுவது. ஐந்தாண்டுக் காலத்துக்குள் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 37,000 டாலர் மாணவருக்கும் 16,000 டாலர் பல்கலைக்கழகத்துக்கும் தருகிறது. பணம் மாணவரின் பெயரில் வருவதால், பேராசிரியரின் திட்டத்துக்குக் கட்டுப்படாமல் தன் கேள்வியைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைக்கிறது. ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். மாணவர் விசாவில் செல்பவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. நமக்குத் திறந்திருப்பவை, களப்பணிக்கும் பகுப்பாய்வுக்கும் அமெரிக்க நிலவியல் கழகம் தரும் மாணவர் ஆய்வு மானியங்கள் போன்ற சிறு தொகைகள். அவை வாழ்க்கைச் செலவுக்கு ஆகாது. ஆனால் ஐசோடோப்பு அளவீட்டுக்கோ ஒரு கோடைக் களப்பணிக்கோ பயன்படும், அடுத்த மானியத்துக்கும் அடித்தளமாகும்.

சேர்க்கைக் கடிதம் வந்தபின் அவசரப்படத் தேவையில்லை. நிதி உதவியுடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பது, முதுகலை, முனைவர் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களின் அமைப்பான பட்டதாரிப் பள்ளிகளின் மன்றம் வகுத்த தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொருந்தும். இந்த நாகரிகமான ஏற்பாடு, மொத்தச் சேவையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த இடைவெளியில் அதே பேராசிரியரிடம் படிக்கும் மாணவர்களுடன் தனியாகப் பேசி, அவர் எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறார், திட்ட நிதி முடிந்தபின் துறை பொறுப்பேற்கிறதா, முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். 2025இல் இந்தக் கேள்விகளின் எடை கூடிவிட்டது. கூட்டரசின் ஆய்வு நிதி குறைக்கப்படும் என்ற அச்சத்தில் பல பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டு மாணவர் சேர்க்கையைச் சுருக்கின. மேலே சொன்ன பட்டதாரி உதவித்தொகையே ஏப்ரலில் முந்தைய ஆண்டைவிடப் பாதியாக, 1,000 பேருக்கு மட்டும் அறிவிக்கப்பட்டு, பிறகு ஜூனில் 500 பேர் சேர்க்கப்பட்டனர். நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதைக் கடிதத்தில் எழுத்தாகப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவிலேயே ஆராய்ச்சி செய்வதை இதற்கு இரண்டாம் பட்சமாக நான் நினைக்கவில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. தகுதித் தேர்வில் தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், டேராடூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனமும், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகமும் உலகத் தரத்தில் வேலை செய்கின்றன. தென்னிந்தியப் பாறைகளையே ஆயுள் முழுவதும் ஆராய விரும்புபவர், களத்துக்கு அருகில் இருப்பதே சிறப்பு. இங்கே முனைவர் படிப்பில் பதிவு செய்துகொண்டு, ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகையில் சில மாதங்கள் அமெரிக்க ஆய்வகத்தில் பணிபுரியும் வழியும் இருக்கிறது. குடும்பச் சூழல் காரணமாக ஐந்தாறு ஆண்டுகள் பிரிந்திருக்க இயலாதவர்களுக்கு நான் அதையே முதலில் சொல்வேன்.

செல்வதென்று முடிவானால், உதவித்தொகைக் கடிதமே செலவுக்கான சான்றாக, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பதிவாகிவிடுவதால், வங்கிக் கணக்கில் பெருந்தொகை காட்ட வேண்டியிருக்காது. ஆயினும் வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறையான செவிஸுக்குரிய கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விமானச் சீட்டு, வீட்டு முன்பணம் ஆகிய அனைத்தும் கைக்காசுதான். வகுப்பு ஆகஸ்டில் தொடங்கினாலும் முதல் உதவித்தொகை பல இடங்களில் செப்டம்பர் இறுதியில்தான் கைக்கு வருகிறது. இந்த இடைக்காலத்துக்காகச் சில துறைகள் குடியேறும் செலவுக்கு முன்பணமோ வட்டியில்லாக் கடனோ தருகின்றன. சேர்க்கைக் கடிதத்தில் அதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இருக்காது, ஏப்ரல் 15க்கு முன்பே துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்.