வரிசைப் புதிர்கள்: முழுப் பட்டியலா, நேர்த் தருக்கமா?

க, ச, ட, த, ப என்ற ஐந்து உரைகளை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். க-வை அடுத்தே ச வர வேண்டும் என்றால் அவை 24 ஆகவும், ட முதலிலோ கடைசியிலோ வர வேண்டும் என்றால் 12 ஆகவும், த-வுக்குப் பின்பே ப வரும் என்றால் 6 ஆகவும் சுருங்கிவிடுகின்றன. இவ்வளவு சுருங்கும்போது ஆறையும் முதலிலேயே எழுதிவைப்பதே மேல். த மூன்றாவது என்று கேள்வி வந்ததும் ‘க, ச, த, ப, ட’ மட்டுமே பொருந்துவது பட்டியலிலேயே தெரிந்துவிடும். நிபந்தனைகளிலிருந்தே தருக்கித்தால், த-வுக்குப் பின்னுள்ள இரண்டு இடங்களில் ஒன்றை ப எடுத்துக்கொள்வதால் க-ச இணைக்கு முதல் இரண்டு இடங்களே மிஞ்சுகின்றன, ஆகவே ட கடைசி என்ற முடிவு கிடைக்கிறது. சற்று நீளமானாலும் இது மிக அழகான வழி. ஏழு உரைகளும் க-ச நிபந்தனை ஒன்றும் மட்டுமே இருந்தால் 720 வரிசைகள். அங்கே பட்டியலை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.